தசைக்கு அடியிலிருந்து தசைக்கு மேலே: மார்பக இம்ப்ளான்ட்டை இடம் மாற்றுவது பற்றி

கேள்வி: எனக்கு வயது 43. வெள்ளவத்தையில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை. ஆறு வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, மார்பகம் முழுவதையும் அகற்றினார்கள். அதே சத்திரசிகிச்சையில் மார்புத் தசைக்கு அடியில் சிலிக்கன் இம்ப்ளான்ட் வைக்கப்பட்டது. கதிர்ச் சிகிச்சை தேவைப்படவில்லை; புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தந்த தமொக்ஸிஃபென் குளிசை இன்னும் எடுக்கிறேன். கரும்பலகையில் எழுதும்போதும் திருவலையில் தேங்காய் திருவும்போதும் இடது மார்பு மேலேறி அக்குள் பக்கமாக இழுபடுகிறது. நடுவில் ஒரு குழி விழுகிறது. பிள்ளைகள் கவனித்துவிடுவார்களோ என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடியே பாடம் நடத்துகிறேன். இறுக்கமும் இருந்துகொண்டே இருக்கிறது. அண்மையில் சனல் பண்ணி (தனியாகக் கட்டணம் கட்டி நேரம் பதிந்து) பார்த்த ஒரு நிபுணர், இம்ப்ளான்ட்டைத் தசைக்கு மேலே மாற்றி வைக்கலாம் என்றார். கனடாவில் இருக்கும் அக்கா செய்யச் சொல்கிறார்; கணவரோ நோய் இல்லாத இடத்தில் ஏன் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும் என்கிறார். மாற்றினால் இந்தத் தொல்லை நிற்குமா? புற்றுநோய் திரும்பி வந்தால் தெரியாமல் போகுமா? என் இம்ப்ளான்ட் அட்டையில் மேற்பரப்பு சொரசொரப்பானது என்று எழுதியிருக்கிறது. அதையே திரும்ப வைப்பார்களா? ஒன்றும் செய்யாமல் விட்டால் கெடுதல் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் விவரித்திருப்பது, தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் வைக்கப்பட்ட பெண்களிடம் நாங்கள் அடிக்கடி காண்கின்ற, காரணம் நன்றாகத் தெரிந்த ஒரு மாற்றம். வகுப்பில் கையை உயர்த்தத் தயங்கும் அளவுக்கு அது உங்களைத் தொந்தரவு செய்கிறது என்றால், சிகிச்சையைப் பற்றி யோசிக்க அந்தக் காரணமே போதும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மார்புத் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் போதிய தடிப்போடு இருந்தால், இடம் மாற்றும் சத்திரசிகிச்சையை நான் ஆதரிப்பேன். தோல் மிக மெல்லியதாக இருந்தால், முதலில் அதைத் தடிப்பாக்கும் வழியையோ வேறு வழியையோ பார்க்கச் சொல்வேன். இரண்டு நிலைமையிலும் அவசரம் எதுவும் இல்லை.

பெரிய மார்புத் தசை, காறை எலும்பிலும் நெஞ்செலும்பிலும் மேல் விலா எலும்புகளிலும் தொடங்கி, விசிறிபோல ஒடுங்கி, மேற்கை எலும்பில் போய் முடிகிறது. கையை உடலோடு சேர்த்து அழுத்துவதும் உள்நோக்கித் திருப்புவதும் அதன் வேலை. திருவலையில் உட்கார்ந்து தேங்காய்ப் பாதியை அழுத்தித் திருப்பும்போது முழுப் பலத்தோடு இயங்குவது இந்தத் தசைதான். இம்ப்ளான்ட்டுக்கு இடம் உண்டாக்குவதற்காகத் தசையின் கீழ்ப்பகுதியை விலாவிலிருந்து பிரித்துவிடுகிறோம். பிரிந்த அந்த ஓரம் ஆறும்போது மேலே உள்ள தோலின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் தசை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் தோலையும் இழுக்கிறது, அடியிலுள்ள இம்ப்ளான்ட்டையும் மேலும் வெளியுமாகத் தள்ளுகிறது. மார்பகம் பெரிதாகத் தெரிவதற்காக இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குத் தசைக்கும் தோலுக்கும் இடையில் சொந்த மார்பகத் திசு இருப்பதால் இந்த இழுப்பு ஓரளவு மறைந்துவிடும். மார்பகம் முழுவதும் அகற்றப்பட்ட உங்களுக்கு இடையில் எதுவும் இல்லை. அதனால்தான் குழி அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் முதல் சத்திரசிகிச்சையில் பிழை நடந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதலாவது சிலிக்கன் இம்ப்ளான்ட் வைக்கப்பட்டதற்குப் பிந்திய ஆண்டுகளில், மார்பகம் அகற்றிய பெண்களுக்கு அதைத் தோலுக்கு நேர் கீழே வைத்துப் பார்த்தார்கள். தோல் கருகுவதும், இம்ப்ளான்ட் வெளித்தள்ளுவதும், சுற்றிலும் வடு இறுகுவதும் அதிகமாக இருந்ததால் சத்திரசிகிச்சையாளர்கள் தசைக்கு அடியில் போனார்கள். பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் அதுவே வழக்கமாக இருந்தது. தோலைத் தடிப்பாக விட்டு மார்பகத்தை அகற்றும் நுட்பம், இம்ப்ளான்ட்டைப் போர்த்தும் சவ்வுகள், கொழுப்பை எடுத்து ஏற்றும் முறை ஆகிய மூன்றும் கைகூடிய பின்னர்தான் தசைக்கு மேலே வைப்பது பாதுகாப்பான ஒரு தெரிவாகத் திரும்பி வந்தது. உங்கள் அக்கா கனடாவில் கேள்விப்படுவது இதைத்தான். அவர் சொல்வது உண்மை; ஆனால் தசை ஒரு வேலை செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இம்ப்ளான்ட்டின் மேல் விளிம்பை மூடி மறைத்ததும், மெல்லிய தோலுக்கு அடியில் இரத்த ஓட்டமுள்ள ஒரு போர்வையாக இருந்ததும் அந்தத் தசைதான். அதை அங்கிருந்து எடுத்தால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

உங்களுக்கு இருக்கும் எல்லாத் தொல்லைக்கும் தசைதான் காரணமா என்பதைத் தீர்மானிப்பதே முதல் வேலை. வீட்டில் கண்ணாடி முன் நின்று, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். அழுத்திய கணத்தில் குழி விழுந்து, கையைத் தளர்த்தியவுடன் மறைந்தால் அது தசையின் வேலை. இடமாற்றம் அதைத் தீர்க்கும். அதற்கு மாறாக, படுத்து ஓய்வாக இருக்கும்போதும் மார்பு பந்துபோலக் கடினமாகவும் மற்றதைவிட மேலேறியும் இருந்தால், இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடல் கட்டுகின்ற வடு உறை இறுகியிருக்கக்கூடும். அதற்கும் சத்திரசிகிச்சை உண்டு. ஆனால் உறையை அகற்றுவது அதன் முக்கிய பகுதியாகிவிடும், மீண்டும் இறுகவும் கூடும். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அக்குளிலும் மேற்கையின் உட்புறத்திலும் எரிவு, விறைப்பு, துணி பட்டாலும் கூசுகின்ற உணர்வு ஆகியவை இருந்தால், அது மார்பகம் அகற்றும்போதும் அக்குள் நெறிக்கட்டிகளை எடுக்கும்போதும் பாதிக்கப்பட்ட நரம்புகளின் வலி. இம்ப்ளான்ட்டை எங்கே வைத்தாலும் அது குறையாது. இந்த வலிக்காக இடம் மாற்றிக்கொண்டு, பின்னர் ஏமாற்றமடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுவதும் இறுக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; ஆகவே உங்களைப் பரிசோதிப்பவர் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும்வரை திகதி குறிக்க வேண்டாம்.

இனி, சத்திரசிகிச்சையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். முழு மயக்கத்தில், பெரும்பாலும் பழைய தழும்பின் வழியாகவே உள்ளே போகிறோம். பழைய இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு, தசையைத் தோலின் உட்புறத்திலிருந்து மெதுவாகப் பிரிக்கிறோம். பெரும்பாலான நேரம் இந்தப் பிரிப்பிலேயே போகிறது; தோலின் பக்கம் கொழுப்பை எவ்வளவு மிச்சப்படுத்துகிறோமோ அவ்வளவுக்குப் பிந்திய தோற்றம் நன்றாக இருக்கும். பிரித்த தசையை மறுபடியும் கீழிறக்கி, நெஞ்சுச் சுவரில் அது முன்பு இருந்த இடத்துக்கு அருகில் தைத்துவிடுகிறோம். ஆறு வருடங்கள் சுருங்கிக் கிடந்த தசை சில சமயம் பழைய எல்லை வரை எட்டாது. எட்டிய வரை தைத்தாலே பெரும்பாலும் போதுமானது. அதன் பின்னர் தசைக்கும் தோலுக்கும் இடையில் புதிய இம்ப்ளான்ட் வைக்கப்படும். திரவம் தேங்காமல் வெளியேற ஒரு மெல்லிய வடிகுழாய் இருக்கும். அது ஒன்றிரண்டு கிழமைகள் வரை இருக்கக்கூடும், ஒரு நாளில் வடியும் அளவு ஏறத்தாழ 30 மில்லிலீற்றருக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்கள்.

இம்ப்ளான்ட்டைப் போர்த்துவதற்குப் பெரும்பாலும் ஒரு சவ்வு பயன்படுத்தப்படும். மனிதத் தோல், பன்றித் தோல், மாட்டுத் தோல் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து உயிரணுக்களை முழுவதும் நீக்கித் தயாரிக்கப்படும் சவ்வுகள் இருக்கின்றன. செயற்கை வலைகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் மாடோ பன்றியோ தொடர்பான சமய உணர்வு இருந்தால், எது வைக்கப்படப் போகிறது என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் இந்தக் கேள்வியை வைத்தியர்கள் தாங்களாக எழுப்புவது குறைவு. நோயாளிகளும் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. சத்திரசிகிச்சை முடிந்த பின் தெரியவந்து மனம் உடைவதைவிட முன்கூட்டிக் கேட்பது எவ்வளவோ மேல்.

தொல்லை நிற்குமா என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில்: தசை இழுப்பு நிற்கும். தசை இம்ப்ளான்ட்டின் மேல் இல்லாதபோது அதை இழுக்க வழியில்லை. தசையால் வந்த இறுக்கமும் பெரும்பாலோருக்கு நன்றாகத் தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாக நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். மெல்லிய தோலின் கீழே இம்ப்ளான்ட்டின் சுருக்கங்கள் அலை அலையாகத் தெரியலாம், குறிப்பாக முன்னால் குனியும்போதும், மார்பின் மேற்பகுதியிலும். காறை எலும்புக்குக் கீழே இம்ப்ளான்ட்டின் விளிம்பு ஒரு படிபோலத் தெரியலாம். சேலைக்கும் சாதாரண சட்டைக்கும் இது பொருட்டே இல்லை. கழுத்துத் தாழ்ந்த உடையில் தெரியும். இவற்றை மறைக்க வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துத் தோலின் கீழே ஏற்றுவார்கள். ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தேவைப்படலாம். உங்கள் தோல் மெல்லியதாக இருந்தால், இந்தக் கொழுப்பை முதலில் ஏற்றி, சில மாதங்கள் பொறுத்து, தோல் தடித்த பின்னரே இடம் மாற்றுவது புத்தியான ஒழுங்கு. ஏற்றிய கொழுப்பு சில இடங்களில் சிறு கட்டிகளாக உறைந்து பயமுறுத்தும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் இன்னதென்று தெரிந்துவிடும்.

இரத்தக் கசிவு, தொற்று, திரவம் தேங்குதல், தோலின் ஒரு பகுதி கருகுதல் ஆகியவை எந்த மறு சத்திரசிகிச்சைக்கும் உள்ள ஆபத்துகள். தொற்று மோசமானால் இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டுச் சில மாதங்கள் மார்பு தட்டையாக இருக்க வேண்டி வரும். இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் அந்த நிலைமையை மனத்தால் தாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சாதகமான இரண்டு விடயங்கள் இருக்கின்றன. கதிர்ச் சிகிச்சை பெறாததால் உங்கள் தோல் இலகுவாக ஆறக்கூடியது. பெற்றிருந்தால் இடம் மாற்றுவதைவிட வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாய்களோடு எடுத்து மார்பகம் அமைக்கும் முறையைப் பற்றியே நான் முதலில் பேசியிருப்பேன். இரண்டாவது, மார்பகம் அகற்றிய அன்று இரத்த ஓட்டம் குறைந்து தவித்த தோல், ஆறு வருடங்களில் புதிய இரத்த ஓட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் தடவையைவிட இந்தத் தடவை அது அதிகம் தாங்கும். புகைத்தலும், புகையிலை சேர்த்த வெற்றிலையும் இந்தச் சாதகத்தை இல்லாமல் செய்துவிடும். உங்களிடம் அந்தப் பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு கிழமைகளுக்கு முன்பே முற்றாக நிறுத்த வேண்டும். நீரிழிவு இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின்னரே சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போக வேண்டும்.

புற்றுநோய் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. மார்பகம் முழுவதும் அகற்றிய பின் அதே இடத்தில் நோய் திரும்பினால், பெரும்பாலும் அது தோலிலோ தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பிலோதான் வரும். இம்ப்ளான்ட் தசைக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அந்தப் பகுதி இம்ப்ளான்ட்டுக்கு முன்னால்தான் இருக்கிறது, விரலுக்கு எட்டும் இடத்தில். தசையிலும் நெஞ்சுச் சுவரிலும் வருவது குறைவு. மேலே மாற்றினால் அந்தத் தசை இம்ப்ளான்ட்டுக்குப் பின்னால் போய்விடும் என்பது உண்மை, ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அதையும் பார்க்க முடியும். உங்கள் கட்டி அப்போது தசைக்கு மிக அருகில் இருந்ததா என்பதை மட்டும் பழைய திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்திருந்தால் புற்றுநோய் நிபுணரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. இல்லையென்றாலும் அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம், ஏனென்றால் தமொக்ஸிஃபென் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்தைச் சற்று அதிகரிக்கும் மருந்து. சத்திரசிகிச்சையை ஒட்டிச் சில காலம் அதை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவரும் சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். நீங்களாகக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் இம்ப்ளான்ட் அட்டையில் உள்ள அந்தச் சொல் முக்கியமானது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டுகளைச் சுற்றியுள்ள வடு உறையில், மிக அரிதாக, ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது அறியப்பட்டிருக்கிறது. இது மார்பகப் புற்றுநோயிலிருந்து வேறானது. 2019 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி, இம்ப்ளான்ட் தயாரிக்கும் அலர்கன் நிறுவனம் பயோசெல் என்ற தன் சொரசொரப்பான வகை இம்ப்ளான்ட்டுகளை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அறிகுறி எதுவும் இல்லாத பெண்கள் பயத்தினால் மட்டும் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று அந்த நிர்வாகம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு காரணத்துக்காக உள்ளே போகும்போது அதையே திரும்ப வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வழுவழுப்பான மேற்பரப்புள்ள புதியதையே கேளுங்கள். பழைய உறையில் எவ்வளவை எடுக்கப்போகிறார்கள், எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். விலா எலும்புகளோடு ஒட்டியுள்ள பின்பக்க உறையை முழுவதும் உரிப்பதில் நுரையீரல் உறை கிழியும் ஆபத்து இருப்பதால், நோய் அறிகுறி இல்லாதபோது அந்தப் பகுதியை விட்டுவிடுவது கவனக்குறைவு ஆகாது.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? தசை இழுப்பினால் உடல்நலத்துக்குக் கெடுதல் வராது, இம்ப்ளான்ட் அதனால் உடைந்துவிடாது. அது தானாகக் குறையவும் மாட்டாது. தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் பொட்டொக்ஸ் ஊசி சில மாதங்களே வேலை செய்யும். தசைக்குப் போகும் நரம்பைத் துண்டிக்கும் முறையில் தசை பலவீனமாகும், இழுப்பு திரும்பவும் கூடும். உங்கள் வயதில் இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். சத்திரசிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு பரிசோதனை இப்போதே தேவை. சிலிக்கன் இம்ப்ளான்ட் வெளியில் எதுவும் தெரியாமலே உள்ளே கிழியக்கூடும் என்பதால், வைத்து ஐந்து ஆறு வருடங்களில் முதலாவது அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், பின்னர் இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒரு தடவையும் எடுக்கும்படி மேற்சொன்ன அமெரிக்க நிர்வாகம் 2020இல் அறிவுறுத்தியது. உங்களுக்கு அந்தக் காலம் வந்துவிட்டது. ஸ்கேனில் கிழிவு தெரிந்தால், மாற்றுவதா விடுவதா என்ற குடும்ப விவாதமே தேவைப்படாது.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு வருடங்களுக்கு முன் தியேட்டர் வாசலில் காத்திருந்தவர் அவர்; மறுபடியும் அங்கே போய் நிற்க அவருக்கு இருக்கும் தயக்கத்தை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தசை எப்படி இழுக்கிறது என்பதை வைத்தியர் அவருக்கு முன்னால் காட்டி விளக்கினால், இதை ஒரு ஆடம்பரமாக அவர் நினைக்க மாட்டார். முடிவு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். வலியும் கூச்சமும் உங்களுடைய உடலில்தான் இருக்கின்றன.

கொழும்பில் இதைச் செய்விப்பதற்கு முன் சில விடயங்களைக் கட்டாயம் பாருங்கள். செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவராகவும், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் விசேட நிபுணராகச் சான்று பெற்றவராகவும் இருக்க வேண்டும். அழகு நிலையம் என்ற பெயரில் நடக்கும் இடங்களை இந்த வேலைக்கு நாட வேண்டாம். மார்பகப் புனரமைப்பையும், அதிலும் தசையைத் திரும்பத் தைக்கும் இந்த மாற்றத்தையும், அவர் வழக்கமாகச் செய்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். நல்ல நிபுணர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். இம்ப்ளான்ட்டும் சவ்வும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவு செய்யப்பட்டவையா என்று கேளுங்கள். செலவைத் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள்; சவ்வு பல சமயங்களில் இம்ப்ளான்ட்டைவிட விலை கூடியது, பின்னர் தேவைப்படும் கொழுப்பு ஏற்றுதலும், சிக்கல் வந்து திரும்பத் தியேட்டருக்குப் போக நேர்ந்தால் வரும் செலவும் ஆரம்பக் கணக்கில் பெரும்பாலும் இருப்பதில்லை. தனியார் வைத்தியசாலையின் செலவு பாரமாக இருந்தால், கொழும்பு தேசிய வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி உங்கள் புற்றுநோய் நிபுணரைக் கேளுங்கள். காத்திருக்க நேரிடலாம், உங்கள் பிரச்சினை காத்திருக்கக்கூடியதுதான்.

எந்த நிபுணரிடம் போனாலும் முதல் சத்திரசிகிச்சையின் குறிப்பு, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், திசுப் பரிசோதனை ரிப்போர்ட், இம்ப்ளான்ட் அட்டை ஆகிய நான்கையும் கொண்டு போங்கள். பழைய குறிப்பு உங்களிடம் இல்லையென்றால் அந்த வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். தசை எந்த இடத்தில் பிரிக்கப்பட்டது, முன்பு ஏதாவது சவ்வு வைக்கப்பட்டதா என்பவை அதில்தான் இருக்கும்.

சத்திரசிகிச்சைக்கான திகதியைப் பாடசாலைத் தவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை பாரம் தூக்குவதும், அழுத்தித் தள்ளும் வேலைகளும், திருவலையும் கூடாது. தைத்த தசை நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பதற்கு அவ்வளவு காலம் வேண்டும். கரும்பலகையின் மேல் பகுதியில் எழுதுவதையும் அதுவரை தவிர்க்க வேண்டும். விடுமுறை மட்டும் போதாது என்றால் மருத்துவ விடுப்புக்கான கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். இதற்கிடையில் எப்போதாவது இடது மார்பு சில நாட்களுக்குள் திடீரென்று வீங்கிப் பெருத்தாலோ, தோலிலோ அக்குளிலோ புதிய கட்டி தட்டுப்பட்டாலோ, சனல் கிடைக்கும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல், உங்களைத் தொடர்ந்து பார்க்கும் புற்றுநோய்க் கிளினிக்குக்கு அந்தக் கிழமையே போய், ஸ்கேன் எடுத்து, தேங்கியுள்ள திரவத்தை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.